பட்டத்தரசியம்மன் கோயில் நிறுத்தம்

விடிந்ததும் மண்டபத்தின் தரையைக் கழுவுவது தங்கசாமியின் முதல் வேலை. கழுவுவதற்கு அங்கே அழுக்கென்று ஏதும் இருப்பதில்லை. வேம்பு உதிர்த்த சருகு சில, சாலையிலிருந்து எழுந்து வந்து படிந்த செம்புழுதி ஒரு படலம், அவ்வளவே. ஆயினும் குடம் குடமாக நீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, வழியும் நீர் தார்ச்சாலையின் விளிம்பைத் தொடும் வரை பார்த்து நிற்பார். பின்பு பட்டத்தரசியம்மனை நீராட்டி, அரளி சாத்தி, விளக்கேற்றி, மலைமேல் வீற்றிருக்கும் அம்மையப்பர்மீது ஒரு பதிகம் பாடுவார். பதிகத்தில் பாட்டுப் பதினொன்று. அவர் பத்தோடு நிறுத்திக்கொள்வார். பதினோராம் பாட்டு, பாடினவர்க்கு இன்ன பயன் வாய்க்கும் என்று சொல்லும் பாட்டு. மனைவி இறந்த நாள் முதல் அதை அவர் பாடியதில்லை. காரணம் கோபம் என்று ஊர் நினைத்தது. கோபமென்று சொல்லத் தக்கது ஏதேனும் தம்முள் கிடக்கிறதா என்று அவரும் தேடிப் பார்த்ததுண்டு. கிடைக்கவில்லை. பயன் என்னும் சொல்லின் முன் வாய் தானே நின்றுவிடுகிறது.

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் சாலையில், நகரம் மெல்ல நீண்டு தன்னுள் இழுத்துக்கொண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. சோளக்காடுகள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின, வீடுகளுக்கு நடுவே விசைத்தறிகள் ஓயாமல் ஓசையிட்டன. ஓராள் உயரமுள்ள அம்மன் கோயிலும் அதன் பக்கத்து வேம்பும் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. நகரப் பேருந்து நிற்கும் இடத்துக்கும் அம்மன் பெயரே பெயராயிற்று. நடத்துநர்கள் ஊரைச் சொல்வதில்லை. "பட்டத்தரசி எறங்கறவங்க வாங்க" என்றே கூவுவார்கள்.

தங்கசாமி தம் வாழ்நாளில் பெரும்பகுதியை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியின் ஓட்டுநராக வடநாட்டில் கழித்தவர். பரம்பரையாக வந்த பூசையை அண்ணன் பார்த்து வந்தார். அவர் மறைந்தபின் தங்கசாமி ஊர் திரும்பிப் பூசாரியானார். மனைவி தெய்வநாயகிக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. பிள்ளையில்லாத வீட்டில் ஆண்டுக்கொரு முறை விருந்தாளிபோல வந்து போன கணவர், இனி அந்தி விளக்குக்குள் வீடு வந்துவிடுவார் அல்லவா? அந்த மகிழ்ச்சி இரண்டு ஐப்பசி கண்டது. மூன்றாம் ஐப்பசியில் ஒரு மழைநாள், சந்தைக்குப் போய்த் திரும்பியவள் கோயிலின் முன் பேருந்தை விட்டு இறங்கினாள். தாருக்கு அப்பால் கணுக்கால் புதையும் சேறு. அதனால் பேருந்து ஓரம் ஒதுங்காமல் தாரிலேயே நின்றது. இறங்கியவளும் சேற்றுக்கு அஞ்சித் தாரிலேயே நடந்தாள். பேருந்துக்கு இடப்புறமாக முந்த முயன்ற சரக்கு வேன் ஒன்று அவள்மேல் ஏறிற்று. ஓடி வந்தவர்கள் அவளைத் தூக்கி வேம்படிச் சேற்றில் கிடத்தினார்கள். கோயில் படி சேறின்றிச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மன் சன்னிதியில் இரத்தம் படலாகாது. அது முறையென்று அனைவருக்கும் தெரியும், தங்கசாமிக்கும் தெரியும்.

இழப்பீடு வந்தபோது, காடுதோட்டம் வாங்கிப் போடச் சொன்னவர்களும் வட்டிக்கு விடச் சொன்னவர்களும் உண்டு. அவர் மண்டபம் கட்டினார். கோயில் வாசலிலிருந்து தார் விளிம்பு வரை, நான்கு தூண் நிறுத்திக் கான்கிரீட் கூரை. தரைக்கு வெள்ளை டைல்ஸ். பக்கங்களில் உட்கார மேடை. கருங்கல் பலகையில், தெய்வநாயகி நினைவாக, பேருந்துக்குக் காத்திருப்போர் மழையிலும் வெயிலிலும் ஒதுங்கும் பொருட்டுக் கட்டியது என்று வெட்டி வைத்தார். திறந்த நாளன்று கலசநீர் தெளித்து, அம்மனுக்குச் சாத்திய மாலையை நான்கு தூணுக்கும் அறுத்துக் கட்டினார்கள். அன்று முதல் அது அம்மன் மண்டபமாயிற்று.

நகராட்சி ஊர் முழுதுக்கும் போக்குவரத்துத் திட்டம் ஒன்று வகுக்கத் தொடங்கியது இவ்வாண்டு மாசியில். எந்தத் தெரு ஒருவழி, எங்கே நடைபாதை, எந்தப் பேருந்து எங்கே நிற்பது என்று பார்த்துச் சொல்ல வந்தவர்களில் பிரீத்தி என்ற பொறியாளரும் ஒருவர். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வெயிலுக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காளியப்பனின் தேநீர்க் கடை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, பேருந்து வருவதையும் போவதையும் பல நாள் பார்த்திருந்தாள். இறுதியில் வார்டு உறுப்பினர் சாரதாமணி ஊராரைக் கோயில் முன் கூட்டினார். பிரீத்தி தான் கண்டதைப் பணிவாகவே சொன்னாள். இந்தச் சாலையில் உள்ள நிறுத்தங்களிலெல்லாம் ஆட்கள் அதிகமாகத் தார்மேல் நிற்பது இங்கேதான். வேன்களும் லாரிகளும் அவர்களை உரசிக்கொண்டு போகின்றன. இப்படியே விட்டால் இன்னொரு உயிர் போகும் என்றாள். பிறகு, மெய்யாகவே விளங்காதவள்போல, ஒன்று கேட்டாள்.

"மண்டபம் காலியா இருக்கு. ஜனங்க அதுக்கு முன்னாடி ரோட்டுல நிக்கறாங்க. அது ஏன்?"

கூட்டத்தில் சிலர் தங்கசாமியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். காளியப்பன்தான் தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, செருப்புக் காலோட அம்மன் முன்னால எப்படிங்க நிக்கறது?"

ஒருவர் சொன்னதும் மற்றவர்களுக்கும் வாய் வந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால், பேருந்து வரும்போது கைக்குழந்தையும் பையுமாய் ஓடி வந்து செருப்பைத் தேடுவதற்குள் அது போய்விடுகிறது. பெண்களுக்குத் தூரமான நாட்கள் இருக்கின்றன. கறி தின்ற வாயோடு வருகிற நாளும் உண்டு. இத்தனைக்கும் நடுவே உள்ளே போய் நிற்பானேன்? வெளியில் நின்றால் வம்பில்லை. மண்டபம் தார் வரை வந்துவிட்டபடியால், வெளியில் என்றால் தார்மேல்தான்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தங்கசாமியிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நாள்தோறும் காலையும் மாலையும் அவர்கள் சாலையில் நிற்பதை அவரும் கண்ணால் கண்டுகொண்டுதான் இருந்தார். கண்டது உள்ளே போய்ச் சேரவில்லை. இப்போதும், வேறெங்கோ வேறெவரோ கட்டிய மண்டபத்தைப் பற்றிப் பேசுவதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தார். பிரீத்தி அதற்குள் கருங்கல் பலகையைப் படித்துவிட்டாள். முகம் கன்றி, தனக்குத் தெரியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் கையை அசைத்து, அதனாலென்ன என்றார். மெய்யாகவே அவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

வழி மூன்று என்று அவள் விளக்கினாள். மண்டபத்தை இடித்தால் பேருந்து ஒதுங்கி நிற்க உள்வாங்கிய இடம் கிடைக்கும். அல்லது நிறுத்தத்தை இங்கிருந்து எடுத்து, நெடுந்தொலைவு தள்ளி நூற்பாலை வாசலுக்கு மாற்றிவிடலாம். அங்கே அகலம் உண்டு. மூன்றாவது எளிது, காத்திருப்பவர்கள் மண்டபத்துக்குள் நின்றால், முன்னால் ஒரு கம்பித் தடுப்பும் சாலையில் ஒரு கோடும் போதும், நிறுத்தம் இங்கேயே இருக்கலாம்.

மூன்றாவதைக் கேட்டுக் கூட்டம் சிரித்தது. அம்மனே நேரில் வந்து செருப்போடு நில்லுங்கள் என்று கெஞ்சினாலும் இந்தச் சனம் நிற்காது என்றார் காளியப்பன்.

இரண்டாவதை எண்ணியதும் சிரிப்பு அடங்கிற்று. தறிப் பட்டறை வேலை முடிந்து அந்தியில் வரும் பெண்கள் ஆலை வாசலில் இறங்கி, விளக்கில்லாத சாலையோரமாகவே திரும்பி நடக்க வேண்டும். வேம்படியில் நின்றிருந்த கோகிலவாணி, விசைத்தறியில் வேலை செய்பவள், தெய்வநாயகிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, "இங்கொரு உசுரு போனது போதாதுன்னு அங்க போய்ச் சாகச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

எல்லோர் பார்வையும் தங்கசாமியிடம் வந்து நின்றது. நிறுத்தம் இங்கேயே இருக்க வேண்டுமானால் தெய்வநாயகியின் மண்டபம் இடிபட வேண்டும். மண்டபம் இருக்க வேண்டுமானால் பெண்கள் அந்தச் சாலையில் நடக்க வேண்டும். அதை அவர் வாயால் கேட்க ஊர் காத்திருந்தது. அவரோ, அம்மனுக்குக் கொடுத்தது அம்மனுடையது, அவளையே கேட்போம் என்றார்.

பூக்கேட்பது அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். பெண் கொடுப்பதும், கிணறு வெட்டுவதும், லாரி வாங்குவதும் பூக்கேட்டே நடக்கும். ஈர அரளிப் பூவை அம்மனின் இரு தோளிலும் ஒட்டி வைப்பார்கள். வலத்தோள் பூ முந்தி விழுந்தால் உத்தரவு; இடத்தோள் பூ விழுந்தால் மறுப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை காலை தங்கசாமி குளித்து, ஈர வேட்டியோடு பூவை வைத்தார். மண்டபத்தை இடிக்க உத்தரவு கொடு தாயே என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பின்வாங்கி நின்றார். ஊரார் கைகூப்பி நின்றார்கள். தோளில் இருந்த செம்பூ இரண்டும் அசையவில்லை.

முன்பெல்லாம் இப்படிக் காத்து நிற்கையில் அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு முறை, வடக்கே போகும் லாரிக்குப் பூக்கேட்டபோது, தெய்வநாயகி கண்ணை மூடிக்கொண்டு, இடப்பூ விழட்டும் என்று வாய்க்குள் சொல்லியதை அவர் கேட்டிருக்கிறார். இன்று எது விழ வேண்டும் என்று தம்மைத் தாமே கேட்டார். விடை வரவில்லை. வறண்ட குழிக்குள் இறங்கும் துளைக்கம்பிபோலக் கேள்வி மட்டும் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

அப்போது ரிக் லாரி ஒன்று, இரும்புக் குழாய்களைச் சுமந்துகொண்டு, கோயிலை ஒட்டி விரைந்து போயிற்று. நிலம் அதிர்ந்தது, தூண் அதிர்ந்தது, விளக்கின் சுடர் ஆடி நின்றது. இடத்தோள் பூ நழுவி அம்மன் பாதத்தில் விழுந்தது.

லாரியை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் லாரியைச் சொல்லவில்லை. சாரதாமணி நீண்ட மூச்செறிந்து, அம்மன் சொல்லிவிட்டாள் என்றார். ஊருக்கு அது ஒருவகையில் ஆறுதல். பூசாரியின் மண்டபத்தில் கைவைக்க யாருக்குத்தான் மனம் வரும்? மாதம் முடிந்ததும் நிறுத்தம் ஆலை வாசலுக்குப் போகும் என்று முடிவாயிற்று. காளியப்பன் மட்டும் தேநீர் ஆற்றுகையில், லாரிக்காரன் இன்னுங் கொஞ்சம் மெதுவாகப் போயிருந்தால் அம்மன் என்ன சொல்லியிருப்பாளோ என்று தமக்குள் பேசிக்கொண்டார்.

தங்கசாமி மறுநாளும் தரையைக் கழுவினார். பத்துப் பாட்டுப் பாடினார்.

மாதம் முடியச் சில நாட்களே இருந்தபோது, ஒரு மாலை, பேருந்து போன பிறகு கோயிலின் முன் கூச்சல் கேட்டது. அவர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து பார்க்கையில், கோகிலவாணி வேம்படியில் புழுதியில் அமர்ந்திருந்தாள். இறங்கித் தாரில் ஓரடி வைத்தபோது மோட்டார் சைக்கிளின் கைப்பிடி இடித்துத் தள்ளிவிட்டதாம். ஓட்டியவன் நிற்காமல் போய்விட்டான். முழங்கை தோலுரிந்து, இரத்தம் விரல் நுனி வரை வழிந்து சொட்டிற்று. முகம் வெளிறியிருந்தது.

"எந்திரிச்சு வந்து மேடையில உக்காரு கோகிலா. தண்ணி கொண்டாறேன்."

அவள் தலையசைத்து மறுத்தாள். கையை உடம்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு துளியும் மண்டபப் படியில் விழுந்துவிடாமல் காப்பவள்போல.

"ரத்தமுங்க மாமா. அம்மன் முன்னால எப்படிங்க? நான் இங்கயே இருந்துக்கறேன்."

அவள் அமர்ந்திருந்த இடம் அவருக்குத் தெரியும். அன்று சேறாயிருந்தது, இன்று புழுதி. அவ்வளவே வேறுபாடு. செம்பில் நீர் கொண்டு வந்தார். கழுவினார். சிவந்த நீர் வேரடியில் இறங்கிப் போயிற்று. ஏதோ வரும் என்று காத்திருந்தார். அழுகையோ, நடுக்கமோ, பழைய நாளின் ஒரு கீற்றோ. வரவில்லை. திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். அந்தி வெளிச்சத்தில் வெள்ளைத் தரை ஒரு சுவடும் இல்லாமல் பளபளத்தது. இரண்டாண்டாக அவர் கழுவிக் கழுவி வைத்திருந்த அந்தத் தூய்மை, அங்கே ஒருவரும் வரவில்லை என்பதன்றி வேறில்லை என்று அப்போது புலப்பட்டது. துன்பமாக அன்று, கணக்கின் விடை தெரிந்ததுபோல, அத்தனை எளிதாக.

மறுநாள் விடியலில் பூசை முடிந்தபின், வீட்டுப் பரணில் கிடந்த தோல் செருப்பை எடுத்துத் தூசி தட்டினார். லாரி ஓட்டிய காலத்தில் நாகபுரியில் வாங்கியது, தோல் இறுகியிருந்தது. கோயில் நிலத்தில் அவர் செருப்பிட்டு நடந்ததேயில்லை. அணிந்துகொண்டு வந்தார். சன்னிதிக் கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் நின்றார். சாத்தவில்லை. அம்மன் பார்க்க, மண்டபத்துப் படியேறி, வெள்ளைத் தரையின் நடுவே போய்ப் பேருந்து வரும் திசையை நோக்கி நின்றார். செருப்பின் இறுக்கம் மட்டும் தெரிந்தது.

காலைப் பேருந்துக்கு வந்தவர்கள் வழக்கம்போலத் தார்மேல் நின்றார்கள். நின்றபடி ஒவ்வொருவராக அவர் காலிலிருந்த செருப்பைக் கண்டார்கள். காளியப்பன் கடையை விட்டு இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க பூசாரி, மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க."

"அப்பறம்? அம்மனுக்கும் சேத்து டிக்கெட் வாங்கப் போறீங்களா?"

யாரோ சிரித்தார்கள். வயது முதிர்ந்த ஒருவர் சினந்து, பூக்கேட்டு அம்மன் சொல்லிய பிறகும் இதென்ன அக்கிரமம் என்று குரலுயர்த்தினார். தங்கசாமி அவரை ஏறிட்டுப் பார்த்தார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இடிக்க வேண்டாம்னு அம்மன் சொன்னா. சரிங்க. சும்மா கெடக்கோணும்னு சொன்னாளுங்களா? நிக்கறதுக்குன்னு கட்டுனது. நாயகி பேருல கட்டுனது. பாவம்னா எம்மேல வரட்டும். உள்ள வந்து நில்லுங்க."

ஒருவரும் அசையவில்லை. லாரி ஒன்று அவர்களை உரசுவதுபோல ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று; எல்லோரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டார்கள்.

கோகிலவாணி வந்தாள். முழங்கையில் கட்டு. தார் ஓரத்தில் நின்று, அவர் முகத்தையும் செருப்பையும் திறந்திருந்த சன்னிதியையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்பு குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு ஏறி வந்து, ஒரு தூணின் அருகே ஒடுங்கி நின்றாள். மேடையில் உட்காரவில்லை. அவளுக்குப் பின் பட்டறைப் பெண்கள் இருவர், தயங்கித் தயங்கி. கைக்குழந்தைக்காரி ஒருத்தி. கல்லூரிக்குப் போகும் பையன்கள் ஒரு கும்பலாக வந்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். முதியவர் மட்டும் வெளியிலேயே நின்றார். பேருந்து வந்ததும் முதலில் ஏறியவரும் அவர்தான். நடத்துநர் படியில் தொங்கியபடி, "என்னங்க இன்னைக்கு எல்லாரும் கோயிலுக்குள்ள?" என்றார். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.

காளியப்பன் அதற்குள் கைபேசியில் படம் பிடித்துச் சாரதாமணிக்கு அனுப்பியிருந்தார். நண்பகலில் சாரதாமணி வந்து, பிரீத்தி அந்தப் படத்தைப் பார்த்ததாகவும், இப்படியே தொடர்ந்து நின்றால் தடுப்புக் கம்பி நட்டு நிறுத்தத்தை இங்கேயே வைத்துக்கொள்ள எழுதித் தருவதாகச் சொன்னதாகவும் கூறினார். தொடர்ந்து நிற்பார்களா என்று அவருக்கு ஐயம். நாளைக்கும் வந்து நிற்பேன் என்றார் தங்கசாமி. நாளையும் நின்றார். அதற்கடுத்த நாளும். மாதம் முடிந்தபோது ஆலை வாசலுக்குப் பேருந்து போகவில்லை. கம்பிதான் இங்கே வந்தது. முதியவர் கம்பிக்கு அப்பால் நிற்க இடமின்றி, முனகிக்கொண்டே உள்ளே வந்தார். அன்றும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

கம்பி நட்ட மறுநாள் மழை பெய்திருந்தது. விடியலின் முதல் பேருந்து புறப்பட்டுப் போனபின் தங்கசாமி நீர்க்குடத்தோடு வந்தார். வெள்ளைத் தரை முழுதும் செம்மண் சுவடுகள். ரப்பர் செருப்பின் வரிகள், பூட்ஸின் கட்டங்கள், குழந்தையின் வெறுங்கால் ஒன்று. ஒன்றின்மேல் ஒன்றாக, சன்னிதி வாசலுக்கு ஓரடி முன் வரை வந்து, அதற்குமேல் போகாமல் திரும்பியிருந்தன. அவர் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

பின்பு துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு, குடத்து நீரைக் கொண்டு போய் வேம்பின் அடியில் ஊற்றினார். விளக்கேற்றி, பதிகத்தைத் தொடங்கினார். பத்தாம் பாட்டு முடிந்தது. பயன் சொல்லும் பாட்டின் முன் வாய் நின்றது. அடுத்த பேருந்துக்கு வந்தவர்கள் பின்னால் செருப்பு ஒலிக்க ஏறி வரும் ஓசையை, திரும்பாமல், கேட்டுக்கொண்டிருந்தார்.